ஒற்றைக் கண் கார்வெட்

விளக்கு சுவிட்சைப் போட்டதும் ஒரு பக்கக் கண் மட்டும் திறக்கிறது. மறுபக்கம் பானெட்டுக்கு அடியில் மோட்டார் விர்ரென்று ஓடும் சத்தம் கேட்கிறது, விளக்கு அசையவில்லை. 1990களின் செவர்லே கார்வெட் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன கோளாறு இது. பார்த்ததும் ‘மோட்டார் போச்சு’ என்பார்கள். சத்தம்தான் கேட்கிறதே, மோட்டார் எப்படிப் போயிருக்கும்?

விளக்கை ஒளித்துவைக்கும் ஆசை பழையது. 1936இல் வந்த கார்ட் 810 காரில், ஓட்டுநர் கைப்பிடியைச் சுற்றித்தான் விளக்கை வெளியே கொண்டுவர வேண்டும். 1940 முதல் அமெரிக்காவில் முகப்பு விளக்கு வட்டமாக, ஒரே அளவில்தான் இருக்க வேண்டும் என்றானது. பின்னர் தரையிலிருந்து குறைந்தபட்ச உயரத்தையும் விதித்தார்கள். கார் மூக்கோ காற்றைக் கிழிக்கத் தாழ்ந்துகொண்டே போனது. பகலில் படுத்து இரவில் எழும் விளக்கு இந்த இழுபறிக்குக் கிடைத்த தீர்வு. இதை எழுப்புவதைவிட, சரியான இடத்தில் நிறுத்துவதுதான் பெரிய வித்தை.

1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 இதைச் சாமர்த்தியமாகச் செய்கிறது. அதன் மோட்டார் எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றும். அச்சில் உள்ள நெம்புகோல் அரைச் சுற்று போனால் விளக்கு மேலே. அடுத்த அரைச் சுற்றில் கீழே. உள்ளே சுழலும் தகட்டில் மின்தொடர்பு அந்தந்த இடத்தில் அறுந்துபோகும், மோட்டார் நின்றுவிடும். வைப்பரை எந்த இடத்தில் அணைத்தாலும் அது கண்ணாடியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறதே, அங்கே இருப்பதும் இதே ஏற்பாடுதான்.

கார்வெட் வழி முரட்டுத்தனமானது. மோட்டார் இரு திசையிலும் ஓடும். விளக்கு தடுப்பில் முட்டும்வரை ஓடும். முட்டியதை எப்படி அறிகிறது? ஓடும் மோட்டார் தானும் ஒரு ஜெனரேட்டர்தான். சுழலும்போது அதற்குள் எதிர் மின்னழுத்தம் பிறந்து பேட்டரியை எதிர்த்து நிற்கும்; அதனால் மின்னோட்டம் அடங்கியிருக்கும். சுழற்சி நின்றால் அந்த எதிர்ப்பு மறைந்து மின்னோட்டம் சட்டென எகிறும். அதைக் கண்டதும் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரத்தைத் துண்டிக்கும்.

ஆக, ஒவ்வொரு முறை விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் ஓர் இடி. அதைத் தாங்கத்தான் பல்சக்கரத்துக்கும் அது திருப்பும் அச்சுக்கும் நடுவே மூன்று சிறு பிளாஸ்டிக் புஷ்கள். வெப்பமும் வயதும் சேர, அவை நொறுங்கிவிடும். அப்புறம் சக்கரம் சும்மா சுற்றும், அச்சு நகராது. கேட்ட சத்தம் அதுதான்.

மோட்டாரின் கியர் மூடியைத் திறந்தால், பழைய கிரீஸில் குழைந்த பிளாஸ்டிக் தூள்தான் கிடக்கும். அதைச் சுரண்டித் துடைத்து, மூன்று புது புஷ்களைப் பொருத்தி, கிரீஸ் வைத்து மூடினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பல்சக்கரத்தின் பல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். கார்பன் பிரஷ் எல்லாம் பல நேரம் நன்றாகவே இருக்கும். முழு மோட்டாரையும் தூக்கிப்போடுவது வீண்செலவு என்பேன்.

கைவைக்குமுன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும்; விரல் நடுவில் இருக்கும்போது விளக்கு புரண்டால் மன்னிக்காது. மூடிக்கொண்ட விளக்கைக் கையால் நெம்பவும் கூடாது. மோட்டார் அச்சில் இருப்பது வார்ம் கியர். அதன் புரி சரிவு மிகக் குறைவு; மோட்டார் சக்கரத்தைத் திருப்பலாம், சக்கரம் மோட்டாரைத் திருப்ப முடியாது, உராய்வு தடுத்துவிடும். வேகக் காற்றிலும் விளக்கு அசையாமல் நிற்பது இதனால்தான். பலவந்தம் செய்தால் பல் உடைவதும் இதனால்தான். அவசரத்துக்கு மோட்டார் முனையிலேயே ஒரு குமிழ் உண்டு, அதைப் பொறுமையாகச் சுற்ற வேண்டும்.

2004உடன் கார்வெட்டும் இந்த விளக்கைக் கைவிட்டது. பழைய கார்களுக்கு இன்றும் மாற்று புஷ்கள் கிடைக்கின்றன. உலோகத்தில் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்பாரும் உண்டு; எனக்கு அதில் தயக்கம். புஷ் வாங்காத இடி பல்சக்கரத்துக்குத்தான் போகும். ஒரு பக்கம் நொறுங்கியிருந்தால் மறுபக்கத்துக்கும் அதே வயதுதான். விவரமானவர்கள் இரண்டையும் சேர்த்தே திறப்பார்கள்.