பெயர்ப்பலகை மாட்டிய புழு

லாஸ்பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை போடுகிறோம். அப்புறமும் அத்தைக்கு ஈரலில் புழுக்கட்டி என்கிறார்களே?"

இது வேறு கதை அம்மா. நாய்க்குடலில் அரிசி நீளமே வளரும் நாடாப்புழு இது. அதன் முட்டை நாயின் மலத்தோடு மண்ணுக்கும் கீரைக்கும் போய், நம் வாய்க்கு வருகிறது. பொரிந்த குஞ்சு இரத்தத்தோடு போய் ஈரலில் தங்குகிறது. டாக்டர்கள் ஹைடாடிட் கட்டி என்பார்கள். ஒற்றை மாத்திரைக்கு அசையாது. மாதக்கணக்கில் அல்பெண்டசோல் சாப்பிட வேண்டும், சிலருக்கு அறுவை.

குஞ்சு வெற்றுடம்போடு இருக்கும் முதல் சில நாள்கள்தான் நமக்குச் சாதகம். எதிர்ப்பொருள்களும் இயோசினோஃபில் வெள்ளணுக்களும் வளைத்துக்கொண்டால் செத்துவிடும். தப்பிய குஞ்சு, அவித்த முட்டையின் வெள்ளைபோல ஒரு மதிலை எழுப்பிக்கொள்கிறது. நம் உடம்பும் சும்மா இராமல், அதற்கு வெளியே நார்த்திசுவால் இன்னொரு சுவர் கட்டிக் கொடுக்கிறது!

எனக்கு இதில் பிடித்த கூத்து ஒன்று உண்டு. முத்தியால்பேட்டையில் பெரியப்பா வீட்டுப் பின்கட்டில் ஒருவர் குடியிருந்தார். வாடகை தரமாட்டார், கதவில் பெரியப்பா பெயர்ப்பலகையையே மாட்டியிருந்தார். விசாரிக்க வருபவர்கள் பெயரைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். புழுவும் அதே ஆள்தான். நம் இரத்தத்தில் 'ஃபேக்டர் எச்' என்றொரு புரதம் இருக்கிறது. தாக்க வரும் புரதப் படையிடம் 'இது நம் வீடு, விட்டுவிடு' என்று சொல்வது அதன் வேலை. புழு அதைப் பிடித்துத் தன் மதிலில் ஒட்டிக்கொள்கிறது. கட்டி வருடக்கணக்கில் ஓசையில்லாமல் பெருக்கிறது.

ஆனால் உடம்பு கணக்கு வைத்திருக்கிறது. ஐஜிஈ என்ற எதிர்ப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். கட்டி உடைந்து நீர் கசிந்தால் ஒவ்வாமை அதிர்ச்சி வந்து உயிரே போகலாம். அதனால்தான் அறுவை மேசையில் கட்டியைச் சுற்றி உப்புநீரில் நனைத்த துணியை அடைத்துவிட்டே கத்தி வைக்கிறார்கள். கட்டியை எடுத்த பிறகும் எதிர்ப்பொருள் பல வருடம் இரத்தத்தில் கிடக்கும், சோதனை குழப்பும். நம் கோரிமேடு ஜிப்மரில் சுபாஷ் சந்திர பரிஜாவும் சகாக்களும் புழுவின் பொருளையே சிறுநீரில் தேடினார்கள். அதை 1997-இல் எழுதினார்கள்.

இதே கட்டி ஆட்டின் ஈரலிலும் வரும். ஆட்டுக்கு 'ஈஜி95' என்ற தடுப்பூசி இருக்கிறது. மதில் எழும்புமுன்னே குஞ்சை மடக்க ஆட்டின் உடம்பைப் பழக்குகிறது. நம் ஊரிலோ, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நீர்க்கட்டியுள்ள ஈரலைக் கடைக்காரர் நமக்கு நிறுக்கமாட்டார், நல்ல மனுஷர். வெட்டிப் பின்பக்கம் எறிவார். அங்கே நாய் காத்திருக்கும்.