நீங்களே வீடியோ கேம் செய்கிறீர்களா? ஆடுபவர் தொடாத செட்டிங்ஸைக் கவனியுங்கள்!

விடுமுறை வந்தால் கேம் ஆடுகிற பிள்ளைகளை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். இப்போது கேம் செய்கிற பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, ஐ.டி வேலைக்குப் போகிறவர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள் என ஆர்வத்துக்காகச் செய்து பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். காரணம், கருவிகள் கைக்கு எட்டிவிட்டன. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மான்சூர் இருவரும் உருவாக்கிய 'கோடோ' என்ற மென்பொருள் 2014 முதல் எல்லோருக்கும் இலவசம். ஒரு லேப்டாப், கொஞ்சம் பொறுமை, நிறைய யூடியூப் வீடியோ. அவ்வளவுதான்.

கேம் ரெடியானதும் என்ன செய்வோம்? ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஃபைலைப் போடுவோம். பிறகு பதில்கள் வரும். "நல்லாயிருக்குடா, ஆனா போன் சுடுது" என்பார் மாமா. "ஜம்ப் பட்டன் எங்கே இருக்கு?" என்பார் அத்தை. பெரியப்பா பையனின் பழைய போனில் ஹீரோ விட்டு விட்டு நகர்வான்.

மூன்று பேரிடமும் "செட்டிங்ஸில் மாத்திக்கோங்க" என்று சொல்லலாம். ஆனால், பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். இரண்டு நிமிடம் ஆடிப் பார்ப்பார்கள், சரியில்லை என்றால் டெலிட் செய்துவிடுவார்கள். மாதக்கணக்கில் செய்த உழைப்பு அந்த இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

டீக்கடை கணக்கு

கடையில் "ஒரு டீ" என்றால் சர்க்கரை போட்டுத்தான் வரும். "சர்க்கரை கம்மி" என்று சொல்கிறவருக்கு மட்டும் மாறும். எதுவும் சொல்லாதவருக்கு மாஸ்டர் போடுவதுதான் கணக்கு. கேமில் அந்தக் கணக்குக்குப் பெயர்தான் டீஃபால்ட். ஆடுபவர் எதையும் தொடாதபோது திரை எவ்வளவு பெரிதாக இருக்கும், படம் எவ்வளவு வேகமாக ஓடும், நிழலும் வெளிச்சமும் எவ்வளவு நுணுக்கமாக வரும் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்கிறது.

மெனுவிலேயே சூடான கம்ப்யூட்டர்கள்

இதில் பெரிய நிறுவனங்களும் சறுக்கியிருக்கின்றன. 2010-ல் வெளியான 'ஸ்டார்கிராஃப்ட் 2' கேமில் கம்ப்யூட்டர் அதிகம் சூடாவதாகப் பலர் புகார் சொன்னார்கள். அதற்கு பிளிஸார்ட் நிறுவனம் தந்த விளக்கம் சுவாரஸ்யமானது. மெனு போன்ற எளிய திரைகளில் கேமுக்கு வேறு வேலை இல்லை. அதனால் அதே படத்தை முடிந்த வேகத்தில் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருக்கிறது. குளிரூட்டும் வசதி போதாத கம்ப்யூட்டர் சூடாகிவிடுகிறது. செட்டிங்ஸ் ஃபைலில் இரண்டு வரி சேர்த்து, மெனுவில் விநாடிக்கு 30 ஃப்ரேம், ஆட்டத்தில் 60 ஃப்ரேம் என்று உச்சவரம்பு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

2021-ல் அமேசானின் 'நியூ வேர்ல்டு' சோதனைப் பதிப்பை ஆடியபோது சிலரின் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டுகளே செயலிழந்தன. தங்களுடைய சில கார்டுகளில் சால்டரிங் குறை இருந்ததாகப் பின்னர் தயாரிப்பு நிறுவனமான இ.வி.ஜி.ஏ சொன்னது. ஆனாலும், மெனுவில் ஃப்ரேம் ரேட்டுக்கு உச்சவரம்பு வைத்து அமேசான் ஓர் அப்டேட் வெளியிட்டது.

உங்கள் கேமில் இது எங்கே இருக்கிறது? கோடோவில் 'ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்' திறந்து, 'அப்ளிகேஷன்' பகுதியில் 'ரன்' என்பதற்குள் 'மேக்ஸ் எஃப்.பி.எஸ்' என்று ஒன்று இருக்கும். அதில் டீஃபால்ட்டாக 0 இருக்கும். அதற்கு அர்த்தம், வரம்பே இல்லை. 'வி-சிங்க்' ஆன் ஆகியிருப்பதால் திரையின் வேகத்தைத் தாண்டாது என்பது ஓர் ஆறுதல். ஆனால், இப்போது பல போன்களின் திரை 120 ஹெர்ட்ஸ். சாதாரண பலூன் உடைக்கும் கேமுக்கு விநாடிக்கு 120 முறை வரைந்தால் பேட்டரிதான் கரையும். பெரும்பாலான கேம்களுக்கு 60 போதும். மெனுவிலும் பாஸ் திரையிலும் 30-ஆகக் குறைத்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. ஹீரோ நகரும் தூரத்தை ஃப்ரேம் கணக்கில் எழுதியிருந்தால், 60-ல் நடப்பவன் 120-ல் இரு மடங்கு வேகமாக ஓடுவான். கடந்த நேரத்தைச் சொல்லும் 'டெல்டா'வால் பெருக்கி எழுதினால் எல்லா போனிலும் ஒரே வேகம்.

பட்டன் எங்கே போச்சு?

கோடோ 4-ல் புது கேமின் திரை அளவு 1152-க்கு 648. அதாவது 16-க்கு 9 என்ற விகிதம். இன்றைய போன்கள் பல 20-க்கு 9 விகிதத்தில் நீளமாக இருக்கின்றன. 'டிஸ்ப்ளே' பகுதியின் 'விண்டோ'வுக்குள் உள்ள 'ஸ்ட்ரெச் மோட்' டீஃபால்ட்டாக 'டிஸேபிள்டு' நிலையில் இருக்கும். அப்படியே விட்டால், அதிக பிக்ஸல் உள்ள போனில் எல்லாமே எறும்பு மாதிரி தெரியும். அதை 'கேன்வாஸ் ஐட்டம்ஸ்' என மாற்றினால் திரைக்கேற்ப எல்லாம் பெரிதாகும். 'ஆஸ்பெக்ட்' என்பதை 'எக்ஸ்பாண்ட்' என வைத்தால் ஓரத்தில் கறுப்புப் பட்டை வராது. பட்டன்களைத் திரையின் மூலைகளோடு 'ஆங்கர்' செய்ய மறக்க வேண்டாம்.

கம்ப்யூட்டரில் ஃபுல் ஸ்க்ரீன் அல்லது திரை அளவை மாற்றும் வசதி கொடுத்தால், விண்டோஸ் செய்வதைப் போலவே செய்யுங்கள். "இந்த மாற்றம் இருக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, 15 விநாடிக்குள் பதில் வராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரையே தெரியாமல் போனவர் எந்த பட்டனை அழுத்துவார்?

குறைவாகத் தொடங்குவோம்

புது ப்ராஜெக்ட் தொடங்கும்போதே கோடோ மூன்று ரெண்டரர்களைக் காட்டும்: ஃபார்வர்டு பிளஸ், மொபைல், கம்பாட்டிபிலிட்டி. எளிய 2டி கேம், பழைய போன், பிரவுசர் என்றால் மூன்றாவதுதான் சரி. 3டி கேம் என்றால் நிழல்களைக் குறைத்து, ஓரங்களை மழுப்பும் 'ஆன்டி அலயாசிங்'கை ஆஃப் செய்தே தொடங்கலாம்.

"என் கேம் அழகாகத் தெரிய வேண்டாமா?" என்று மனசு கேட்கும். இப்படி யோசியுங்கள். நல்ல போன் வைத்திருப்பவர் செட்டிங்ஸில் போய்த் தரத்தைக் கூட்டிக்கொள்ள முடியும். சாதாரண போன் வைத்திருப்பவருக்கு, கேம் திணறினால் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறப்பதே போராட்டம். அதனால் அவருக்குச் சரியாக ஓடுவதுதான் டீஃபால்ட்டாக இருக்க வேண்டும்.

கண்களும் முக்கியம்

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போகிமான் எபிசோடு ஒன்றில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னின. 600-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒரு விநாடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்பது இணையதளங்களுக்கான அணுகல் வழிகாட்டு நெறிகளில் ஒன்று. கேமுக்கும் அதையே பின்பற்றலாம். குண்டு வெடிக்கும்போது வரும் மின்னலும் திரைக் குலுக்கலும் டீஃபால்ட்டாகக் குறைவாக இருக்கட்டும்.

எழுத்தின் அளவையும் தாத்தா கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி வையுங்கள். தமிழில் எழுதியிருந்தால், தமிழ் ஃபான்ட் ஒன்றை கேமுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பிரவுசரில் எழுத்துகளுக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

மாற்றியதை மட்டும் சேமியுங்கள்

செட்டிங்ஸைச் சேமிக்க கோடோவில் 'கான்ஃபிக் ஃபைல்' வசதி உண்டு. சேமித்ததை எடுக்கும்போது, அது இல்லாவிட்டால் எந்த மதிப்பு என்பதையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். முதல்முறை திறப்பவருக்கு அந்த மதிப்புதான் டீஃபால்ட்.

இங்கே பலர் எல்லா செட்டிங்ஸையும் மொத்தமாகச் சேமித்துவிடுகிறார்கள். பிறகு அப்டேட்டில் நீங்கள் நல்ல டீஃபால்ட் கொடுத்தாலும் பழையவர்களுக்குப் போய்ச் சேராது. ஆடுபவர் தானாக மாற்றியதை மட்டும் சேமித்தால் இந்தச் சிக்கல் இல்லை. 'பழைய நிலைக்குத் திரும்பு' என்று ஒரு பட்டனும் அவசியம்.

கேமை குரூப்பில் போடுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் இன்ஸ்டால் செய்து, கேம் பழக்கமே இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். எதையும் சொல்லித் தராமல் பத்து நிமிடம் ஆடவிடுங்கள். பிறகு போனை வாங்கி, பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்.