தற்காப்புக் கலையும் தேக க்ஷேமமும்

தற்காப்புக்காக ஏதேனும் ஒரு வித்தையைக் கற்க வேண்டும் என்ற எண்ணம் ஒருவர் மனத்தில் உதித்தவுடன், கராத்தே நல்லதா, குத்துச்சண்டை நல்லதா, நம் சிலம்பமே போதுமா என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. நாடி பார்க்குமுன் மருந்தின் பெயரைக் கேட்பது போன்றது இது. கற்கப் போகிறவரின் வயது என்ன, முழங்கால் எந்த நிலையில் இருக்கிறது, அவர் எவரிடமிருந்து, எந்த இடத்தில், எவ்வித ஆபத்தை அஞ்சுகிறார் என்பனவற்றையெல்லாம் விசாரித்த பின்பே வித்தையின் பெயருக்கு வர வேண்டும். வாரந்தோறும் தவறாமல் வகுப்புக்குச் செல்லும் ஒருவருக்கு, தெருவில் என்றோ நேரக்கூடிய தாக்குதலைக் காட்டிலும் வகுப்பிலேயே நேரக்கூடிய காயமே அருகில் இருக்கிறது என்பதை நம்மில் அநேகர் யோசிப்பதில்லை. உயிரைக் காக்கக் கற்கும் வித்தை உடலைக் கெடுத்துவிடலாகாது என்ற கவலையோடு இங்கே சில யோசனைகளைச் சொல்ல விரும்புகிறேன்.

சரீரத்துக்கு ஏற்ற வித்தை

இருபது வயது இளைஞனுக்குப் பொருந்துவது ஐம்பது வயது மாதுக்கும் பொருந்தும் என்று எண்ணலாகாது. டேக்வாண்டோவில் ஒற்றைக் காலை ஊன்றிச் சுழன்று, மற்றக் காலால் தலை உயரத்துக்கு உதைக்கும் அசைவுகள் மிகுதி. முழங்கால் மூட்டிலோ இடுப்பு மூட்டிலோ தேய்மானம் தொடங்கியவர்களுக்கு அவை தகா. மாதவிடாய் நின்ற பின் எலும்பின் திண்மை குறைந்துபோன பெண்கள், ஆளைத் தூக்கி எறியும் மல்லுப் பயிற்சிகளைத் தவிர்ப்பதே நலம். இருதய நோயோ, கட்டுக்கு அடங்காத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் எந்த வகுப்பிலும் சேரக் கூடாது. முதியோருக்கோ திருடனைவிடக் குளியலறையின் ஈரத் தரையே பெரிய சத்துரு. உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு நிதானமாக மாற்றிப் பழக்கும் சீனத்துத் தாய்ச்சி, முதுமையில் தவறி விழுவதைக் குறைக்கிறது என்பது ஆராய்ச்சிகளால் தெளிவாகியிருப்பதால், அதையே அவர்களுக்குரிய தற்காப்புக் கலை என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

சிறுவர்கள் விஷயத்தில் ஒன்றை மட்டும் வற்புறுத்த வேண்டும். தலையில் குத்து வாங்கிப் பழகுவது வளரும் மூளைக்கு ஏற்றதன்று. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுத்துவிடாது. குத்துச்சண்டையில் ஆசை கொண்ட பையன், தொங்கும் பையிலும் மாஸ்டர் கையில் ஏந்தி நிற்கும் திண்டிலும் குத்திப் பழகினால் போதும்.

விழக் கற்றல்

ஜிகோரோ கானோ என்ற ஜப்பானியர் இளமையில் குள்ளமாகவும் மெலிந்தும் இருந்தமையால் உடன்படித்த பிள்ளைகளின் கொடுமைக்கு ஆளாகி, அதினின்று தப்பும் பொருட்டு ஜுஜுத்ஸு கற்று, பிற்காலத்தில் அதன் அபாயமான பிடிகளைக் களைந்து, 1882ஆம் ஆண்டில் டோக்கியோவில் ஒரு பௌத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவுள்ள அறையில், ஒன்பது மாணாக்கர்களுடன் ஜூடோ என்னும் வித்தையைத் தொடங்கினார். அவ்வித்தையில் எதிரியை எறிவதற்கு முன், எறியப்பட்டால் எப்படி விழுவது என்பதையே கற்பிக்கிறார்கள். மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, உடல் தரையைத் தொடும் அதே கணத்தில் நீட்டிய கையின் முழு நீளத்தாலும் பாயை ஓங்கி அறைந்து விழ வேண்டும். அப்படி விழும்போது பின்மண்டை தரையில் மோதுவதில்லை. பயிற்சி இல்லாதவரோ விழும்போது உள்ளங்கையை முன்னே ஊன்றுகிறார்; உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கி, அங்குள்ள எலும்பு முறிகிறது. பஸ் படியில் வழுக்குபவருக்கும், மாடிப்படியில் தடுமாறுபவருக்கும் ஆயுள் முழுவதும் உபயோகப்படும் பாடம் இது.

இப்பாடத்தை அவசரமாகக் கடந்தால் என்ன விபரீதம் நேரும் என்பதற்கு ஜப்பானே சாட்சி. 1983 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் அந்நாட்டுப் பள்ளிகளில் ஜூடோ பழகிய நூற்றுக்கும் மேற்பட்ட மாணாக்கர்கள் மாண்டிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் புதிதாகச் சேர்ந்தவர்கள். காலை வாரிப் பின்புறமாகச் சாய்க்கும் எறிதலில் தலை அடிபட்டு, மூளையில் இரத்தம் கசிந்து உயிர் துறந்தவர்கள் அநேகர். சாதுவானது என்று பெயர் பெற்ற வித்தையே கற்பிப்பவரின் பொறுமையின்மையால் இத்தனை உயிர்களைக் கொண்டுபோயிற்று என்றால், வகுப்பைத் தேடும் பெற்றோர் பெல்ட்டின் நிறத்தைப் பாராமல், முதல் மாதத்தில் பிள்ளைகளுக்கு என்ன கற்பிக்கிறார்கள் என்பதையே பார்க்க வேண்டும் அல்லவா?

எதிர்த்து நிற்கும் துணைவர்

அபாயம் நேரும்போது சரீரம் நம் சொற்படி நடப்பதில்லை. அட்ரினலின் சுரந்து, இருதயம் படபடத்து, விரல்கள் நடுங்கி, பார்வை குறுகி, சிலருக்குக் கால்கள் கல்லாய்ச் சமைந்துவிடுகின்றன. அந்த நிலையில், விரல் நுனியால் மர்மஸ்தானத்தைத் தொட்டு வீழ்த்தும் நுட்பமான உபாயங்கள் நினைவுக்கு வாரா. வந்தாலும் கை கேளாது. ஓரிரண்டு எளிய அசைவுகளைத் திணறத் திணற, எதிர்க்கும் ஓர் ஆளின் மேல் பலமுறை செய்து பழகியவருக்கே அவை கைகொடுக்கும். ஆகையால் கராத்தேயானாலும், பிரேசில் நாட்டு ஜியு-ஜிட்சுவானாலும், கிராவ் மகாவானாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இங்கே எதிரில் நிற்பவர் உண்மையில் எதிர்க்கிறாரா, அல்லது விழுவதற்கென்றே நிற்கிறாரா? எதிராளியின்றிக் காற்றில் கட்டா என்னும் அசைவு வரிசையைச் செய்வது தேகத்துக்கு நல்ல அப்பியாசம். துணைவரோடு மோதிப் பழகும் ஸ்பாரிங் இல்லாமல் அதை மட்டுமே பழகிவிட்டுத் தற்காப்பு வந்துவிட்டது என்று நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது.

நம் சிலம்பத்தைப் பற்றியும் இதே நேர்மையோடு சொல்ல வேண்டும். நெற்றி உயரத்துக்கு அளந்து வெட்டிய கம்பைச் சுழற்றி, காலடி பழகி, வீடுகட்டி ஆடும் ஒருவருக்குத் தோளும் மணிக்கட்டும் கணுக்காலும் ஒருங்கே பலம் பெறுகின்றன. எதிரில் வருவதன் தூரத்தைக் கணிக்கும் கண் அமைகிறது. எதிராளி கம்போடு வந்து நின்று ஆடும் வகுப்பில் இந்தக் கணிப்பு இன்னும் கூர்மையாகிறது. கம்பை ஏந்திக்கொண்டு ஆபீஸுக்குப் போக முடியாது என்பது மெய். ஆனால் அந்தக் காலடி குடையைப் பிடித்திருக்கும்போதும், வெறுங்கையாக இருக்கும்போதும் உதவும். வாத்தியார் கிடைக்கும் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தோன்றவில்லை.

பெண்களின் தற்காப்பு

ஐந்தடி உயரம்கூட இல்லாத எடித் காரட் என்ற ஆங்கில மாது, வாக்குரிமைக்காகப் போராடிய லண்டன் பெண்களுக்கு ஜுஜுத்ஸு கற்பித்து, போலீஸாரின் பிடியிலிருந்து தலைவியரைக் காக்கும் மெய்க்காவற் படைக்குப் பயிற்சியளித்தது முதல் உலக யுத்தத்துக்கு முந்திய செய்தி. தேக பலம் குறைந்தவரும் கற்கலாம் என்பதற்கு அது போதிய சான்று. ஆனால் பெண்களைத் தாக்குபவன் பெரும்பாலும் இருட்டில் வரும் அந்நியன் அல்லன். உறவினன், உடன் பணிபுரிபவன், நண்பன் என்று அறிமுகமானவனாகவே இருக்கிறான். பாதகனை அடிக்கக் கற்பிக்கும் வகுப்பு, நெருங்கியவனிடம் உரத்த குரலில் மறுப்புச் சொல்லக் கற்பிக்காவிட்டால் பாதிப் பிரயோஜனம் போயிற்று.

இதை மெய்ப்பிக்கும் ஆராய்ச்சி ஒன்று கனடாவில் நடந்து 2015இல் வெளியாயிற்று. மூன்று சர்வகலாசாலைகளின் முதலாண்டு மாணவியர் 893 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் துண்டுப் பிரசுரங்களை மட்டும் அளித்து, மற்றவர்களுக்கு மும்மூன்று மணி நேரமாக நான்கு அமர்வுகளில், ஆபத்தின் அறிகுறிகளைக் காண்பது, அறிமுகமானவனிடம் தயங்காமல் மறுப்பது, குரலாலும் உடலாலும் எதிர்ப்பது ஆகியவற்றைக் கற்பித்தார்கள். ஓராண்டுக்குள் பலாத்காரத்துக்கு உள்ளானோர் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 5.2, பெறாதவர்களில் 9.8. பன்னிரண்டு மணி நேரத்தில் யாரும் மல்லராகிவிடவில்லை. அவர்கள் கற்றதில் பெரும்பகுதி, தயக்கத்தை உடைப்பதேயாகும். இத்தகைய பாடம் நம் கல்லூரிகள் எல்லாவற்றிலும் இடம்பெற வேண்டும் என்பது என் உள்ளம் நிறைந்த விருப்பம்.

வகுப்பில் சேருமுன்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை முழுவதும் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாணாக்கன் கையால் தட்டிச் சரணடைந்தவுடன் துணைவர் பிடியை விடுகிறாரா? கழுத்து நெரிப்புப் பிடி சரியாக விழுந்தால் சுமார் பத்து விநாடியில் நினைவு தப்பிவிடும். ஆகவே இவ்வொழுக்கத்தில் சலுகைக்கே இடமில்லை. பாயைத் தினமும் துடைக்கிறார்களா? படர்தாமரை அங்கிருந்தே வீட்டுக்கு வருகிறது. தலையில் அடிபட்டவனுக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம், தடுமாற்றம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைய பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் அனுப்புகிறவரே நல்ல மாஸ்டர். தண்ணீரைத் தெளித்து மறுபடியும் களத்தில் இறக்குபவரிடமிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சட்டத்தை அறியாமல் வித்தையை மட்டும் கற்பதும் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை நமக்கு அளிக்கின்றன. காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அவை இடம் தருவதில்லை. விழுந்துவிட்டவனை மீண்டும் உதைப்பது அந்த எல்லைக்கு அப்பாற்பட்டது.

தாக்குதலுக்குப் பின்

தப்பி வந்தவர் 112 என்ற எண்ணையும், பெண்களானால் 181 என்ற எண்ணையும் அழைக்கலாம். வீட்டாரின் பயத்துக்கும் வெட்கத்துக்கும் இணங்கி வைத்திய பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. முக்கியமாக, கழுத்து நெரிக்கப்பட்டவர் தோலில் ஒரு தடம்கூட இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குரல் கம்முதல், விழுங்கும்போது வலித்தல், மூச்சுத் திணறல் ஆகியவை இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. கழுத்தின் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே உறைந்த இரத்தம் மூளைக்குச் சென்று, சில தினங்களுக்குப் பின்னரும் பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும்.