திரைக்கு ஏற்ற எழுதுகோல்

பனையோலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணிக்குக் கூர்மையும், கைக்கு இசைந்த கனமும் இருந்தால் போதும். எந்த ஆணியும் எந்த ஓலையிலும் கீறும். இன்று மாணவர் பலர் டேப்லெட் என்னும் கைக்கணினியில் குறிப்பு எழுதுகின்றனர், படமும் வரைகின்றனர். அதற்குரிய எழுதுகோலை வாங்கும்போதும் அந்தப் பழைய எண்ணமே நம் மனத்தில் நிற்கிறது. தொட்டால் எழுதும் என்று எளிதாகக் கருதிவிடுகிறோம்.

என் தமக்கையின் மகள் கல்லூரியில் பயில்கிறாள். பல மாதங்கள் சேர்த்த பணத்தைக் கொண்டு விலையுயர்ந்த எழுதுகோல் ஒன்றை வாங்கினாள். அது அவளுடைய திரையில் ஒரு புள்ளியேனும் இடவில்லை. சோதித்துப் பார்த்தேன். கோலிலும் பழுதில்லை, கைக்கணினியிலும் பழுதில்லை. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

இதன் காரணத்தை அறிய, திரை விரலை எவ்வாறு உணர்கிறது என்பதை முதலில் காண்போம். திரைக் கண்ணாடியின் அடியில், மின்சாரத்தைக் கடத்தும் மெல்லிய படலம் கட்டம் கட்டமாக அமைந்திருக்கிறது. நம் உடலும் மின்சாரத்தைக் கடத்துவது. ஆதலின் விரல் நெருங்கியதும் அவ்விடத்து மின்புலம் மாறுகிறது. மாறிய இடத்தைக் கணினி கணக்கிட்டு அறிகிறது. காய்ந்த மரக்குச்சியால் தொட்டால் திரை வாளா இருப்பதும் இதனாலேயே.

எழுதுகோல்களுள் மிக எளியது, மின்சாரம் கடத்தும் ரப்பர் முனை கொண்டது. அது விரலைப் போல நடிக்கும். இவ்வகைத் திரைகள் எல்லாவற்றிலும் வேலை செய்யும். விலையும் குறைவு. எனினும் முனை மழுங்கலானது. அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் கோடு ஒன்றுபோலவே விழும். கோல் எது, ஊன்றிய உள்ளங்கை எது என்று திரையால் நன்கு பிரித்தறிய இயலாது. பக்கங்களைப் புரட்ட இது போதும். வகுப்பில் விரைந்து எழுதப் போதாது.

இரண்டாவது வகை, மின்கலமே இல்லாதது. கோலினுள் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். திரைக்குப் பின்னாலுள்ள தனிப்பலகை எழுப்பும் காந்தப்புலத்திலிருந்து அச்சுருள் ஆற்றல் பெற்று மறுமொழி தரும். ஜப்பானிய நிறுவனமாகிய வாகொம் இம்முறைக்குப் பேர்பெற்றது. 2011இல் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி நோட் கைப்பேசியிலும், பின்னர் அந்நிறுவனத்தின் டேப் எஸ் வரிசைக் கைக்கணினிகள் பலவற்றிலும் இம்முறை அமைந்தது. அப்பலகை இல்லாத கருவியில் இக்கோல் ஊமையாகிவிடும்.

மூன்றாவது வகை மின்கலம் உடையது. தானே குறிப்பலைகளை அனுப்புவது. 2015இல் வெளிவந்த ஆப்பிள் பென்சில் இவ்வகையினது. மைக்ரோசாப்ட் சர்பேஸ் கருவிகளுக்குரிய கோலும் இவ்வகையே. ஆயினும் ஒன்றின் குறிப்பு மற்றதற்கு விளங்காது. ஒரே நிறுவனத்திலும் வேறுபாடு உண்டு. 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேட், 2015ஆம் ஆண்டின் பென்சிலை ஏற்கும். 2018இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பென்சிலை ஏற்காது. 2023இல் வந்த விலை குறைந்த பென்சிலையும் அது ஏற்கும். ஆனால் அப்பென்சில் கையின் அழுத்தத்தை உணராது. புதியது பழையதினும் பொருந்தும் என்று எண்ணுவதற்கு இங்கே இடமில்லை.

மாணவ நண்பர்களே, கடைக்குச் செல்லுமுன் உங்கள் கைக்கணினியின் முழுப் பெயரையும் மாதிரி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது. கோலைச் செய்தவர் தரும் பட்டியலில் அம்மாதிரி உள்ளதா என்று பாருங்கள். பின்னர் உங்கள் தேவையை எண்ணுங்கள். படம் வரைபவர்க்கு அழுத்தம் உணரும் கோல் வேண்டும். குறிப்பு மட்டும் எழுதுபவர் அதற்கென மிகுதியாகச் செலவிட வேண்டியதில்லை. ஆனால் உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுத இயலுமா என்பதை இருவருமே கேட்டறிதல் வேண்டும். முனை தேய்ந்தால் மாற்றுமுனை கிடைக்குமா என்பதும் கேட்கத்தக்கதே. இயன்றால் கைக்கணினியை உடன் கொண்டுசென்று, நான்கு வரி எழுதிப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.