கண்மாய்க்குள் கூடாரம் போடலாமா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இது ஆற அமரப் பேச வேண்டிய விஷயம். டென்ட் வாங்கியாகிவிட்டது. அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கே போடுவது என்பது மட்டும்தான் பாக்கி. துணி எத்தனை தடிமன், எத்தனை பேர் படுக்கலாம் என்றெல்லாம் மாதக்கணக்கில் அலசுகிறோம். இடத்தை மட்டும் போகிற போக்கில் கண்ணில் பட்டதை வைத்து முடிவு செய்கிறோம். ராத்திரி நிம்மதியாகத் தூங்குவோமா என்பதைப் பெரும்பாலும் அந்த இடம்தான் தீர்மானிக்கிறது.

வீட்டுக்கு வெளியே தங்குவது நம் செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி எடுத்துக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. சாமான் வண்டி கூடவே வரும். அங்கங்கே சமையல், அங்கங்கே படுக்கை. மாதத்தைக் கவனியுங்கள். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. தை பிறக்கும்போது மழை ஓய்ந்திருக்கும், கண்மாயில் தண்ணீர் இருக்கும், ராத்திரியும் இதமாக இருக்கும். நம் பக்கத்தில் கூடாரத்துக்குத் தையும் மாசியும்தான் பருவம். சித்திரையில் டென்ட்டுக்குள் படுக்க நான் யாரையும் கூப்பிட மாட்டேன்.

அரையாண்டு லீவு டிசம்பர் கடைசியில் வருவதால் மழை முழுக்க விட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் தண்ணீர் எப்படிப் போகும் என்பதை முதலில் பார்ப்போம். கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கிற தவறான எண்ணம் ஒன்று இங்கேதான் இருக்கிறது. இடம் சமமாக இருந்தால் நல்ல இடம் என்று நினைக்கிறோம். காரைக்குடியிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் பாதி நிறைந்த ஒரு கண்மாய் கண்ணில் படும். தண்ணீர் வற்றிய பக்கம் பாய் விரித்தாற்போல் மண், அதன்மேல் இளம்புல், பக்கத்திலேயே தண்ணீர், தூரத்தில் கோயில் கோபுரம். இதைவிட நல்ல இடம் உண்டா என்று தோன்றும். ஆனால் அந்த மண்ணைச் சமமாக்கியதே தண்ணீர்தான். வருஷா வருஷம் அங்கே தேங்கி, வண்டலைப் படியவிட்டுப் படியவிட்டு மெழுகி வைத்திருக்கிறது.

வாழை இலையில் ரசம் ஊற்றும்போது பார்த்திருப்பீர்கள். இலை நம் கண்ணுக்குச் சமமாகத்தான் தெரிகிறது. எந்தப் பக்கம் சரிவு என்பது ரசத்துக்குத்தான் தெரியும். சோற்றை அணைகட்டி மறிப்பதற்குள் மடிக்கு வந்துவிடும். நம் சீமையின் நிலமும் அப்படித்தான். மலைகள் அபூர்வம், மேடு பள்ளம் கண்ணுக்கு எட்டாது, ஆனால் சரிவு உண்டு. அந்தச் சரிவை நம்பித்தான் கண்மாய்களையே வெட்டியிருக்கிறார்கள்.

கண்மாயின் உறுப்புகளைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மேட்டுப் பக்கமிருந்து தண்ணீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். அது வந்து பரவும் உள்பரப்பு உள்வாய். பள்ளத்துப் பக்கம் மறித்து நிற்பது கரை. வயலுக்குத் தண்ணீர் விடும் வழி மடை. நிறைந்தால் மிச்சத்தை வெளியேற்றும் வழி கலுங்கு. ஒரு கண்மாயின் கலுங்கு நீர்தான் பல இடங்களில் அடுத்த கண்மாய்க்கு வரத்து. ஆகவே நம் தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும்போதே, மேற்கே எங்கோ பெய்த மழை நடுராத்திரியில் உள்வாய்க்கு வந்துசேரலாம். காய்ந்த வரத்துக்கால் மணல் மெத்தைபோல் கிடக்கும். அதிலும் படுக்கக் கூடாது, கலுங்குக்குக் கீழேயும் படுக்கக் கூடாது. கரைமேல் படுப்பது பாம்புகளோடு இடத்தைப் பங்குபோடுவது. தவிர, அது ஊர்ச் சொத்து; அதில் முளை அடித்து ஓட்டை போடக் கூடாது.

தண்ணீர் வந்துபோன தடம் மண்ணில் இருக்கும். வேலிச் செடியில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோலும் சருகும் சிக்கியிருந்தால் வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தால் அது களி. மழை பெய்தால் உறிஞ்சாது, நம்மைத்தான் மிதக்க விடும். செம்மண் சரளையில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். ஆனால் காய்ந்த சரளை இரும்பு மாதிரி. டென்ட்டோடு தருகிற மெல்லிய முளைகள் வளைந்துபோகும். கனமான இரும்பு முளை நாலு கொண்டுபோங்கள். மேட்டின் அருமைக்குச் செட்டிநாட்டு வீடுகளையே பாருங்களேன், படியேறித்தான் திண்ணைக்குப் போக வேண்டும். வீடு மேட்டில், மழைத் தண்ணீர் ஊர்க் குளமான ஊருணிக்கு.

அப்படியானால் சமம் எங்கே வேண்டும்? முதுகுக்கு வேண்டும். நாம் படுக்கும் ஒரு பாய் அகலம் சமமாக இருந்து, சுற்றிலும் நிலம் கொஞ்சம் சரிந்து போனால் போதும். சரிவு சிறிது உள்ளேயும் வந்தால் தலையை மேட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். டென்ட்டை விரிப்பதற்கு முன் வெறும் தரையில் ஒரு தரம் படுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு முதுகுக்குத் தெரியும்.

தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நடந்துபோய் ஒரு குடம் எடுத்துவரும் தூரத்தில் இருக்கட்டும். ஓரத்திலேயே படுத்தால் கொசு. பள்ளத்தில் குளிர்ந்த காற்று இறங்கித் தங்குவதால் விடியற்காலையில் டென்ட்டும் பனியில் நனைந்துவிடும். பல ஊர்களில் ஊருணி குடிதண்ணீருக்கென்றே காக்கப்பட்டது; அதில் பாத்திரம் கழுவினால் ஊரே சண்டைக்கு வரும், அதுவும் நியாயம்தான்.

மரத்தடியில் போடுங்கள் என்பார்கள். எந்தத் திசையில் மரம் என்பதுதான் கேள்வி. காலை ஏழு மணி வெயிலே டென்ட்டை அடுப்பாக்கிவிடும். கிழக்கே வேம்போ புளியோ இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம். பனை, தென்னைக்கு நேர் கீழே வேண்டாம், மட்டையும் காயும் நேரம் பார்த்து விழுவதில்லை. தையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். வாசலை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

குடும்பத்தோடு போனால் இத்தனைக்கும் முன்னால் ஒரு கேள்வி: கழிப்பறை எங்கே? அப்பத்தாவும் சின்னப் பிள்ளையும் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு நடக்கும் தூரமா? இல்லையென்றால் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது குடும்பத்துக்கு ஆகாது. தெரிந்தவர் தோப்பு, பம்புசெட், பக்கத்தில் ஒரு வீடு என்று அமைந்தால் முதல் தடவைக்கு அதுவே போதும்.

கேரவன் விஷயம் வேறு. சினிமா ஷூட்டிங் புண்ணியத்தில் காரைக்குடித் தெருக்களுக்கு அது பழக்கமான வண்டிதான். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது; பிறகு வாகமண்ணில் கேரவன்களுக்கென்றே ஓர் இடமும் வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் நிறுத்துமிடத்தோடு மின்சாரம், நல்ல தண்ணீர், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வழி எல்லாம் கிடைக்கும். இந்த வசதிகள் இல்லாத இடத்தில், குடும்பமே உபயோகித்தால் தொட்டி சீக்கிரமே நிறைந்துவிடும். வயலில் திறந்துவிடுவது மகாபாவம். வண்டிக்குச் சமமான தரை வேண்டும்தான், ஆனால் கெட்டியான தரையாக இருக்க வேண்டும். மழைக்குப் பிந்திய வண்டலில் இறங்கினால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். உள்ளே போகும் பாதையில் தாழ்ந்த மின்கம்பியும் மரக்கிளையும் இருக்கிறதா என்று முன்கூட்டியே இறங்கி நடந்து பாருங்கள்.

இடம் பிடித்துப்போனால் ஊரில் அனுமதி கேளுங்கள். தோப்பென்றால் உடையவரை, கண்மாய்ப் பக்கமென்றால் ஊர்ப் பெரியவர்களை, காடென்றால் வனத்துறையை. திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் வழியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. வலசை வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று சுற்றியுள்ள கிராமத்தார் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்தப் பக்கம் போனால் பகலில் பறவைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும்.