நெல்லின் நாட்காட்டி

மூன்றரை மாத நெல்லின் ஆயுள் ஏறக்குறைய 105 நாள். முதல் 40, 45 நாட்களில் பயிர் வேர் விடும், இலை விடும், மட்டம் வெடிக்கும். பிறகு ஒரு நாள், வெளியே எந்த அடையாளமும் காட்டாமல், தண்டுக்குள் கதிர் கருக்கொள்ளும். அப்போது அதன் நீளம் ஒரு மில்லிமீற்றர்கூட இருக்காது. ஆனாலும் ஒரு கதிரில் எத்தனை மணி பிடிக்கும் என்பது அந்த நாட்களில் பயிருக்குக் கிடைக்கும் சத்தையும் நீரையும் பொறுத்துத்தான் அமைகிறது. அன்றிலிருந்து பூக்க ஏறக்குறைய 35 நாள், பூத்ததிலிருந்து முற்ற 30 நாள். மூன்று மாத நெல்லோ நான்கு மாத நெல்லோ, கடைசி 65 நாட்கள் பெரிதாக மாறுவதில்லை. கூடுவதும் குறைவதும் தொடக்கத்து வளர்ச்சிக் காலம் மட்டுமே.

பூக்கும் பருவத்தின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. நெற்பூ முற்பகலில் திறக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். மூடிய பூ மறுபடி திறக்காது. அதன் மகரந்தம் உயிரோடிருப்பது சில நிமிடங்களே. அந்த நேரம் பார்த்துக் கடும் மழை அடித்தாலோ, வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினாலோ, மணி பிடிக்க வேண்டிய இடத்தில் பதர்தான் மிஞ்சும்.

இப்படி நாளும் மணியும் பார்த்து வளர்கிற பயிரை நம்பித்தான் சிறு விவசாயி கடன் வாங்கி வயலில் இறங்குகிறார். ஆகவே அவருக்கான அரசுக் கொள்கை எதுவானாலும், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்கு முன்னால் எந்த நாளில் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கிழக்கே எழுவான்கரை: கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம், அதில் நகரம், சந்தை, சனநெருக்கம். மேற்கே படுவான்கரை: வயலும் குளமும் மேய்ச்சல்தரையும். எழுவான்கரையின் சோறு பெருமளவும் படுவான்கரை வேளாண்மையில் விளைவது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்களின் நீர் எட்டும் வயல்கள் ஒரு பகுதிதான். பெரும்போகத்தில் வானம் பார்த்த வயல்களே மிகுதி.

இந்த வாவிக்குக் கடலோடு தொடர்பு இரண்டு இடங்களில்: வடக்கே பாலமீன்மட்டு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில் ஆறுகளின் வேகம் குறையும்போது கடலலை மணலைத் தள்ளிக் குவித்து வாயை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் மேற்கிலிருந்து ஆற்று நீர் வந்து நிறையும். வெளியேற வழி இல்லாததால் வாவி மட்டம் ஏறும், படுவான்கரைத் தாழ்வயல்கள் மூழ்கத் தொடங்கும். அப்போது விவசாயிகள் ஆற்றுவாயை வெட்டச் சொல்லிக் கேட்பார்கள். இயந்திரம் வெட்டுவது ஒடுக்கமான ஒரு வாய்க்கால்தான். வாவிக்கும் கடலுக்கும் உள்ள மட்ட வித்தியாசத்தில் பாயும் வெள்ளம் இரு பக்க மணலையும் அரித்து, சில மணி நேரத்தில் அதை அகன்ற வாயாக்கிவிடும். வாய் திறந்த பிறகு கடலும் உள்ளே வரும். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் அந்த வழியாக வாவிக்குள் வந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்கே திரும்பும். ஆக, அந்த ஒரு வெட்டில் வயல்காரரின் நெல்லும் வாவி மீனவரின் இறாலும் சேர்ந்தே தீர்மானமாகின்றன.

பிந்தினால் பயிர் சாகும். ஏனென்றால் நீரில் வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்களவுதான். கலங்கிய வெள்ளத்தில் முழுதாக மூழ்கிய நெல்லுக்கு மூச்சும் ஒளியும் ஒன்றாக அடைபடுகின்றன. தப்பிக்க அது அவசரமாக நீண்டு வளர்ந்து, சேமித்த மாச்சத்தைச் செலவழித்து, ஓரிரு வாரத்தில் ஓய்ந்துவிடும். முந்தினாலும் சிக்கல்தான்: உள்ளே நன்னீர் குறைந்து உவர் ஏறினால் கரையோர வயலுக்கு ஆகாது. நெல் நாற்றுப் பருவத்திலும் கதிர்ப் பருவத்திலும் உப்பைத் தாங்காது. 2011 ஜனவரியிலும் மீண்டும் பெப்ரவரியிலும் வந்த வெள்ளம், அறுவடையை எட்டிக்கொண்டிருந்த வயல்களை அழித்தது. 2024 நவம்பர் இறுதியில் வந்த வெள்ளம் இளம் பயிரை மூழ்கடித்தது.

வெள்ளத்தைத் தாங்கும் நெல்லினங்கள் இல்லாமலில்லை. அவை நீண்டு வளராமல், வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்து, நீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவை 2006இல் ஆய்வாளர்கள் ஒடிசாவின் பழைய நெல்லொன்றில் இனங்கண்டார்கள். இதே குணத்துக்காக உலக நெல் ஆய்வாளர்கள் அறிந்துவைத்திருக்கும் மற்றப் பழைய இனங்களில் குர்கருப்பன், தவளு, கொட ஹீனட்டி ஆகியன இலங்கையுடையவை. நம் முன்னோர் வெள்ளக் காணிகளில் தேர்ந்து காத்த விதையின் குணத்தை, இன்றைய வெள்ளக் காணிகளுக்குத் திருப்பிக் கொண்டுவருவது அரசின் நெல் ஆராய்ச்சிக்கு முதல் வேலையாக இருக்க வேண்டும்.

அடுத்தது உரம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு வர்த்தமானி மூலம் நிறுத்தியது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். சாதாரணக் கூட்டெருவில் ஒன்றிரண்டு சதவீதம், அதுவும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்ல விடுவிப்பது. சேதனப் பசளைக்கு மாறுவது நல்ல இலக்கு. அதற்கு மண்ணைப் பல போகங்கள் பழக்க வேண்டும், ஒரே போகத்தில் ஆகாது. அந்த நவம்பர் இறுதியில் தடை நீங்கியது. ஒக்டோபரில் விதைத்த பயிருக்கு அது கதிர் கருக்கொள்ளும் தறுவாய். அதன் பின் கப்பலில் வந்து, கமநல சேவை நிலையம் வந்து, வயலுக்கு வரும் யூரியா எந்தப் பயிரைக் காப்பாற்றும்? நாட்டின் பெரும்போக விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. பொருளாதார நெருக்கடியும் சேர, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. வயலில் தப்பிய நாள், சந்தையில் விலையாக வந்து நின்றது.

மூன்றாவது விற்பனை. இயந்திரம் அறுத்துக் கொட்டும் நெல்லில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 சதவீதம். 22 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை 14க்குக் காயவைத்தால் மிஞ்சுவது 907 கிலோ. எடைக் குறைவு ஒரு புறம், காயவைக்கக் களம் எங்கே என்பது மறுபுறம். மாசி மழை வந்துவிடுமோ என்ற பயத்தில் வீதியோரத்தில் படங்கு விரித்துக் காயவைப்பவர்களைப் பார்க்கிறோம். கடன்காரர் வாசலில் நிற்க, இரண்டு மூன்று ஏக்கர்காரர் வயல் வரம்பிலேயே ஈரநெல்லை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார். கிழக்கில் அறுவடை முந்தித் தொடங்கும். 2025இல் நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபாய் என்ற உத்தரவாத விலை வெளியானது பெப்ரவரி 5ஆம் திகதி. அதற்கு முன்பே அறுத்து விற்றவருக்கு அந்த விலையால் என்ன பயன்? தமிழ்நாட்டு நேரடிக் கொள்முதல் நிலையங்களில் ஈரவரம்பு 17 சதவீதம். மழை கெடுத்த பருவங்களில் அதையும் தளர்த்தியிருக்கிறார்கள். இங்கேயும் தளர்த்தலாம். அதைவிட நல்லது, ஒவ்வொரு கமநல சேவைப் பிரிவிலும் களமும் உலர்த்தியும் அமைத்து, விதைப்புக்கு முன்பே விலையை அறிவிப்பது.

நாட்களைச் சேர்ந்து குறிக்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி, விதைப்புக்கும் நீர் திறப்புக்கும் வயலிலிருந்து மாடுகளை அகற்றுவதற்கும் திகதி குறிக்கிறார்கள். 1981இல் தெற்கே கல்லோயா இடதுகரையில் விவசாயிகளையே குழுக்களாக்கி நீர்ப் பங்கீட்டை ஒப்படைத்தபோது, குளத்தில் நீர் குறைந்திருந்த அந்த ஆண்டிலேயே தலைப்பு வயல்காரர்கள் கடைமடைக்கு நீர் விட்டுக்கொடுத்தார்கள். அந்த அனுபவம் உலகெங்கும் நீர் மேலாண்மைப் பாடமானது.

ஆகவே ஆரம்பக் கூட்டத்தின் அதிகாரம் விரிய வேண்டும். ஆற்றுவாய் வெட்டும் நீர்மட்டத்தை மீனவரும் வயல்காரரும் அங்கேயே முன்கூட்டி ஒப்புக்கொள்ளட்டும். உரம் வரும் திகதியும் கொள்வனவு தொடங்கும் திகதியும் அங்கே எழுதப்பட்டு, தவறினால் பொறுப்புச் சொல்லும் கடப்பாடு அரசுக்கு வரட்டும். பயிர்க் காப்புறுதிப் பணம் சிறுபோகத்துக்கு முன் கைக்கு வரட்டும். மாடுகளை அகற்றத் திகதி குறிக்கும் அரசு, அவை போய்ச் சேரும் இடத்தையும் காக்கட்டும். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராடத் தொடங்கியது அந்தக் காவல் இல்லாததால்தான்.

விளைந்தது பசித்த வயிற்றைச் சேரவும் வழியுண்டு. பிரேசில் 2009இல் சட்டம் இயற்றி, பாடசாலை உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் வாங்கும்படி விதித்தது. எழுவான்கரைப் பாடசாலைகளின் மதிய உணவுக்குப் படுவான்கரையின் அரிசியும் முட்டையும் கீரையும் வாங்கினால், பிள்ளைக்குச் சோறு, விவசாயிக்கு நிச்சயமான சந்தை. இடையில் இருப்பது ஒரு பாலமும் ஓர் அரசாணையும்தான்.

நெல்லின் 105 நாளை எந்த அமைச்சாலும் நீட்ட முடியாது. மாற்றக்கூடியது அலுவலகத்தின் நாட்காட்டி ஒன்றுதான். அதை வயலுக்குப் பொருத்தி எழுதும்படி கேட்பது சலுகை கேட்பதாகாது. நாடு சாப்பிடுவதற்கான முதல் நிபந்தனை அது.