பூனை மணலும் நம்ம தென்னைநார்க் கழிவும்

எடை குறைவா இருக்கணும், தூசி பறக்கக் கூடாது, கடைசியில் மண்ணுக்கே திரும்பணும். நாலைந்து பூனை வளர்க்கிற வீட்டுக்கு எது சரி?

"பூனைக்கு மண்ணைப் போய் காசு கொடுத்து வாங்குறாங்களா?" கிராமத்தில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்புதான் வரும். தோட்டத்து வீட்டில் பூனை தானாகவே போய் மணல் குவியலையோ, நேற்றுப் போட்ட நாற்றங்காலையோ தோண்டி, வேலையை முடித்து மூடிவிட்டு வந்துவிடும். நகரத்தில் மாடி வீட்டுக்குள்ளேயே நாலு பூனை வளர்க்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. பிளாஸ்டிக் ட்ரே வைத்து, அதில் 'கேட் லிட்டர்' என்று கடையில் விற்கும் மண்ணை நிரப்புகிறார்கள். அதைப் 'பூனை மணல்' என்றே நாம் சொல்லிக்கொள்வோம்.

இதற்கும் இயற்கை விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கோழிப் பண்ணையில் ஆழ்கூளம் போடுகிறோமே, அதே கணக்குதான் இதுவும். ஈரத்தை உறிஞ்சணும், நாற்றத்தை அடக்கணும், தூசி கிளம்பக் கூடாது, எடுத்துப் போட்டால் மட்கணும். இந்தக் குணமெல்லாம் உள்ள பொருள் நம்ம ஊர் நார் ஆலைகளில் மலை மாதிரி கிடக்கிறது. அதோடு, பூனை மணல் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பது காய்கறிப் பாத்தியையும் ஆட்டுப் பட்டியையும் தொடுகிற விஷயம்.

சாம்பலில் இருந்து களிமண்ணுக்கு

1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் வந்து பூனைக்கு மணல் கேட்டார். அதுவரை அவர் சாம்பல் போட்டு வந்தார். வீடு முழுக்கப் பூனையின் கரிக் கால்தடம்! எட் லோவின் அப்பா தொழிற்சாலைகளுக்கு உறிஞ்சு களிமண் விற்கிறவர். அந்தக் களிமண்ணில் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்துதான் இந்த வியாபாரமே பிறந்தது. அந்தக் களிமண் வேறொன்றும் இல்லை, நம்ம வீட்டில் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியின் இனம்தான்.

பிறகு பெண்டோனைட் களிமண் வந்தது. நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானிலும் இதைத் தோண்டி எடுக்கிறார்கள். தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதி, பிசின் மாதிரி ஒட்டிக் கட்டியாகிவிடும். பூனை சிறுநீர் விட்ட இடம் மட்டும் உருண்டையாகத் திரளும், அதை ஜல்லிக்கரண்டி போன்ற கரண்டியால் அள்ளிப் போட்டால் போதும். இந்த வசதிக்காகத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள்.

ஆனால் இதே பெண்டோனைட்டைத்தான் பண்ணைக்குட்டையில் நீர்க்கசிவை அடைக்கவும் போடுகிறோம். குட்டையை அடைக்கிற குணம் சாக்கடைக் குழாயையும் அடைக்கும். தோட்டத்தில் கொட்டினால் மண்ணின் கண்ணையும் அடைக்கும். எத்தனை வருஷம் ஆனாலும் மட்காது.

எடையும் தூசியும்

எடைக் கணக்கைப் பார்ப்போம். பூனை எத்தனையோ, அதைவிட ஒரு ட்ரே கூடுதலாக இருக்கணும் என்பது பூனை வளர்ப்பில் பொது விதி. நாலு பூனை என்றால் ஐந்து ட்ரே. ஒரு ட்ரே 50 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் 10 லிட்டர் கொள்ளளவு. ஐந்துக்கும் சேர்த்து 50 லிட்டர். களிமண் மணல் என்றால் இது ஏறக்குறைய 40 முதல் 50 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டை! லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு வயசானவர் இதைத் தூக்க முடியுமா?

அடுத்தது தூசி. களிமண்ணில் படிகச் சிலிக்கா கொஞ்சம் கலந்தே இருக்கும். மூடிய அறையில் தினமும் அதைக் கிளறி மூச்சில் இழுப்பது யாருக்கும் நல்லதல்ல. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பூனைக்கும் ஆஸ்துமா வரும். தோண்டும்போது அதன் மூக்கு தூசிக்கு நேர் மேலேதான் இருக்கிறது. ஒரு பூனை தோண்டினாலே இப்படி, நாலும் மாறி மாறித் தோண்டினால் அந்த அறையில் தூசி அடங்கவே அடங்காது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. எடை குறைவான பொருள் எல்லாமே சுலபமாகப் பறக்கும். ஆகவே 'லேசானது' என்று மட்டும் பார்த்து எடுத்தால் தூசியில் மாட்டிக்கொள்வோம். லேசான பொருளைச் சலித்தோ, அழுத்திக் குருணையாக்கியோ, இலேசான ஈரப்பதத்தில் வைத்தோதான் பயன்படுத்தணும்.

நம்மிடம் இருப்பதில் எது தேறும்?

உமி: ரொம்ப லேசு, ஆலையில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் உறிஞ்சாது. சிறுநீர் நேரே அடியில் போய்த் தேங்கும். கோழிக்கு ஒத்துவரும், பூனைக்குத் தனியாக ஒத்துவராது. உமிச் சாம்பல் பக்கமே போக வேண்டாம், அது சிலிக்காத் தூசி.

மரத்தூள்: நன்றாக உறிஞ்சும். அறுவை ஆலையிலிருந்து அப்படியே வரும் தூளில் தூசி அதிகம். எந்த மரம், என்ன மருந்து அடித்தது என்பதும் தெரியாது. தேக்குத் தூள் பலருக்கு ஒவ்வாமை தரும். அழுத்திய மரக் குருணை என்றால் தூசி குறைவு, ஈரம் பட்டதும் உதிர்ந்து தூளாகும். பாய்லருக்கு விற்கும் குருணையில் எது வேண்டுமானாலும் கலந்திருக்கலாம், அதை வாங்க வேண்டாம்.

மக்காச்சோளக் கட்டை: முத்து உதிர்த்த கட்டையைக் குருணையாக உடைத்துச் சலித்தால் நல்ல பொருள். லேசாகவும் இருக்கும், உறிஞ்சவும் செய்யும். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் காய்ச்சல் முக்கியம்.

மரவள்ளி: வெளிநாடுகளில் மரவள்ளி மாவுச்சத்தைச் சேர்த்துத் திரளும் பூனை மணல் செய்து விற்கிறார்கள். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் திப்பியை வைத்து நம்மவர்களும் முயன்று பார்க்கலாம்.

சிலிக்கா ஜெல் மணிகள்: லேசு, தூசியும் குறைவு. ஆனால் விலை அதிகம், மட்கவும் மட்காது.

தென்னைநார்க் கழிவு: காயர் பித், கோகோ பீட் என்றெல்லாம் சொல்கிறோமே, அதுதான். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடிக்கும். இலேசான அமிலத்தன்மை இருப்பதால் அமோனியா நெடி எழுவதைக் குறைக்கும். பூனைக்குப் பிடித்த மாதிரி மிருதுவாக, தோண்ட வாகாக இருக்கும். 5 கிலோ கட்டி ஒன்றைத் தண்ணீர் விட்டு உதிர்த்தால் 60 லிட்டருக்கு மேல் வரும். மேலே சொன்ன ஐந்து ட்ரேக்கும் ஒரே கட்டி!

குறையையும் சொல்லணும். இது களிமண் மாதிரி உருண்டையாகத் திரளாது. மலத்தையும் நனைந்த பகுதியையும் தினமும் அள்ளி, வாரம் ஒரு முறை முழுசாக மாற்றணும். அதனால் மாதக் கணக்கில் எடை வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு தடவைக்குத் தூக்குவது ஐந்து கிலோதான். இன்னொரு குறை, காலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும், முடி அடர்ந்த பெர்சியன் பூனை என்றால் இன்னும் கூடுதலாக. ட்ரேக்கு வெளியே ஒரு தென்னைநார் மிதியடி போட்டால் பெரும்பகுதி அதிலேயே உதிர்ந்துவிடும்.

தயார் செய்யும் முறை

1. கழுவிய, உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவுக் கட்டியை வாங்குங்கள். கால்சியம் நைட்ரேட் ஏற்றியது, உரம் கலந்தது வேண்டாம். பூனை காலை நக்கும் என்பதை எப்போதும் மனதில் வையுங்கள்.

2. கட்டியை வெட்டி உடைக்காதீர்கள், அதில்தான் தூசி கிளம்பும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, தானாக உதிர விடுங்கள்.

3. நிழலில் பரப்பி உலர்த்துங்கள். புட்டு மாவுப் பதத்தைவிடக் காய்ந்திருக்கணும். கையில் பிடித்தால் பிடிபடாமல் உதிரணும், ஆனால் தட்டினால் தூசி எழக் கூடாது. அதுதான் சரியான பதம்.

4. முதலில் பெரிய கண் சல்லடையில் நாரை நீக்குங்கள். பிறகு சன்னக் கண் சல்லடையில் மாவுத்தூளைக் கழியுங்கள். அந்த மாவுத்தூள் நாற்றுத் தட்டுக்கு ஆகும்.

5. காற்றுப் புகும் சாக்கில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சணம் வரும்.

தூசி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. வெயில் விழும் இடத்தில் கறுப்புத் துணியை விரித்து, ஒரு அடி உயரத்திலிருந்து ஒரு கைப்பிடியைக் கொட்டுங்கள். வெளிச்சத்தில் புகை மாதிரி எழுந்தால் இன்னும் சலிக்கணும். கடையில் வாங்கிய மணலையும் இதே மாதிரி சோதித்துப் பார்க்கலாம்.

வாசனைக்காக எதையும் கலக்க வேண்டாம். யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், பாச்சா உருண்டை எல்லாம் பூனைக்கு விஷம். ட்ரேயை ஃபினாயில் போட்டுக் கழுவவும் கூடாது. ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. சோப்பும் வெந்நீரும் வெயிலும் போதும்.

பூனை ஒத்துக்கொள்ளணுமே!

நமக்குப் பிடித்தால் மட்டும் போதாது. திடீரென்று மாற்றினால் பூனை ட்ரேயை விட்டுவிட்டு மெத்தைக்குப் போய்விடும். பழைய மணலில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுசாக மாற்றுங்கள். அதுவரை ஒரு ட்ரேயில் பழையதே இருக்கட்டும். ஐந்து ட்ரேயையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே ட்ரே மாதிரிதான். வலுத்த பூனை ஒன்று வழியில் உட்கார்ந்துகொண்டால் மற்றவை அடக்கி வைத்துக்கொள்ளும். வெவ்வேறு இடத்தில் பிரித்து வையுங்கள்.

சின்னக் குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். அவற்றுக்குத் திரளும் களிமண் வைக்க வேண்டாம். கடுவன் பூனை ட்ரேயில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் குறையை மணலில் தேடாதீர்கள். நீர்க்குழாய் அடைத்திருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகணும், தாமதித்தால் உயிர் போய்விடும்.

மண்ணுக்குத் திரும்பும்போது கவனம்

இயற்கை விவசாயிகள் நாம் எதையும் வீணாக்க மாட்டோம். ஆனால் பூனை மலம் மாட்டுச் சாணம் அல்ல. இதில் கொஞ்சமும் சமரசம் கூடாது.

பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கலாம். முதன்முதலில் தொற்று வந்த பூனை சில நாள் முதல் மூன்று வாரம் வரை அவற்றை வெளியேற்றும். வெளியே வந்த முட்டை ஒன்று முதல் ஐந்து நாளில்தான் தொற்றும் நிலைக்கு முதிரும். அதனால் தினமும் அள்ளுகிற வீட்டில் ஆபத்து வெகுவாகக் குறையும். ஆனால் மண்ணில் விழுந்துவிட்டால் ஈரத்தில் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். வீட்டு மட்குத் தொட்டியின் சூடு அதைக் கொல்லும் என்று நம்ப முடியாது.

கர்ப்பிணிகளுக்கு முதல் முறையாக இந்தத் தொற்று வந்தால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. ட்ரே சுத்தம் செய்வதை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். ஆள் இல்லை என்றால் கையுறை போட்டுக்கொண்டு தினமும் அள்ளி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். வேகாத இறைச்சி, கழுவாத காய் மூலமும் இது வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆடு வளர்க்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சினை ஆடு குட்டி வீசுவதற்கு இந்த ஒட்டுண்ணியும் ஒரு காரணம். தீவனப் போரிலும் அடர்தீவன மூட்டையிலும் பூனை கழிக்காமல் பார்த்துக்கொள்ளணும். தோட்டத்து வீட்டிலும் கூரைக்கு அடியில், மழை படாத ஒரு மூலையில் தென்னைநார்க் கழிவு நிரப்பிய தொட்டி வைத்தால், பூனை நாற்றங்காலையும் தீவனப் போரையும் விட்டு அந்தப் பக்கம் போகும்.

ஆகவே மலத்தைத் தனியாக எடுத்து, கிணறு, போர்வெல், ஓடைக்குத் தள்ளி ஆழக் குழியில் போட்டு மூடுங்கள். நகரத்தில் என்றால் பொட்டலம் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். சிறுநீர் பிடித்த நார்க்கழிவைத் தனிக் குழியில் ஒரு வருஷம் மட்கவிட்டு, வேம்பு, புங்கன், தேக்கு போன்ற மரங்களுக்கு மட்டும் போடலாம். காய்கறி, கீரை, மண்புழு உரத்தொட்டி, ஜீவாமிர்தம் பக்கம் கொண்டுவரவே கூடாது.

யார் செய்வது?

ஆலைப் பக்கம் குவிந்து, மழையில் பழுப்பு நீராக வடிந்து கிணற்றைக் கெடுக்கிற அதே நார்க்கழிவு, சலித்துப் பதம் பார்த்தால் விற்பனைப் பொருள். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கழுவும் தொட்டி, இரண்டு சல்லடை, நிழல் களம், காற்றோட்டமான சாக்கு போதும். உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் மகளிர் குழுக்களும் முதலில் பக்கத்து நகரத்தில் பூனை வளர்க்கும் பத்து வீட்டுக்கு இரண்டு மாதம் கொடுத்துப் பாருங்கள். பையின் மேல் 'தூசி இல்லை' என்று எழுதுவதற்கு முன்னால் கறுப்புத் துணிச் சோதனையைச் செய்யுங்கள். 'காய்கறிக்குப் போடாதீர்' என்ற ஒரு வரியையும் கட்டாயம் அச்சிடுங்கள்.